கிளீனர் என்ற வாத்து

நாமக்கல்லில் ஒரு பறவைக்கு நோய் என்று யாரும் மருத்துவரிடம் வருவதில்லை. ஷெட்டுக்கு நோய் என்றுதான் வருவார்கள். "மூணாவது ஷெட்டுல தீனி எடுக்கறது கொறஞ்சு போச்சுங்க" என்பார்கள். செத்த கோழிகளைத் தீவன மூட்டையில் போட்டுக் கொண்டு வந்து மேசைமேல் கொட்டுவார்கள். நாம் அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வோம். செத்ததை வைத்து உயிரோடிருப்பதைக் காப்பாற்றுவது நம் வேலை. புதிதாகச் சேர்ந்த நீங்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே இதற்குப் பழகிவிட்டதைப் பார்த்தேன். பழகத்தான் வேண்டும்.

ஆனால் போன வாரம் ஒரு பெண் மடியில் கின்னிக்கோழியை வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, உங்களில் ஒருவர் இன்னொருவரிடம், "கொழம்புக்கு ஆகுமா ஆகாதான்னு கேக்க வந்திருக்கும்" என்று சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. யார் என்று சொல்லமாட்டேன். அப்போது பதில் சொல்லவில்லை. மேல்படிப்புக்காக இந்த மாதத்தோடு இங்கிருந்து கிளம்புகிறேன். போவதற்குள் அந்தப் பதிலை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. அது ஒரு வாத்தைப் பற்றியது.

அதற்குமுன் என்னைப் பற்றி ஒரு விஷயம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா முட்டைக்கோழி வளர்க்கும் லேயர் பண்ணையில் முட்டை பொறுக்கினார். அப்பா முட்டை அட்டைகளை லாரியில் ஏற்றினார். கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான் சேர்ந்த அன்று அப்பா அந்தப் பெரிய வாசலின் ஒரு ஓரமாக நின்று, உள்ளே போகிற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான். பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. இந்தக் கதையில் அது பயன்படும்.

பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் ஒரு பறவைகூட வளர்க்கக் கூடாது. இந்தச் சட்டம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக் கோழியின் நோய் செருப்பிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு பண்ணைக்குள் போய்விடும். லட்சக்கணக்கான கோழிகளுக்கு நடுவே வேலை செய்த என் அம்மாவின் வீட்டில் ஒரு கோழிக்குஞ்சு கத்தி நான் கேட்டதில்லை. பிறகு நான் மருத்துவராகி, பண்ணை பண்ணையாகப் போய்த் தொழிலாளர்களை உட்காரவைத்து அதே சட்டத்தைப் பாடமாக எடுத்தேன். இன்றைக்கும் அந்தச் சட்டம் சரி என்றே சொல்வேன்.

அந்த வாத்து ஒரு மத்தியானம் வந்தது. காய்கறி ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டியில் முட்டை அட்டைகளை விரித்து, அதன்மேல் பழைய துண்டு போட்டு உட்காரவைத்திருந்தார்கள். கூட வந்தவர்கள் புருசனும் பெண்சாதியும். அவர் பெயர் செல்வம், முட்டை லாரி ஓட்டுகிறவர். அவர் மனைவி சரசு. அந்தம்மா உள்ளே வந்ததிலிருந்து முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டே நின்றார். வெயில் தலைவலி என்று நினைத்துக்கொண்டேன்.

"பேர் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"கிளீனருங்க."

"எதைக் கிளீன் பண்ணும்?"

"லாரி கிளீனருங்க டாக்டரம்மா. இப்பெல்லாம் கிளீனர் வேலைக்கு எவன் வாரான்? எறக்கிட்டுத் திரும்பி வாரப்ப, பாலக்காடு தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்தியிருந்தனுங்க. வாத்து மேய்க்கறவங்க முன்னால போயிட்டாங்களாட்ட இருக்குது. இது ஒன்னு மட்டும் லாரிக்கு அடியில நெழலுக்கு வந்து நின்னுச்சு. தூக்கிப் பக்கத்து சீட்டுல போட்டேன். ஊரு வாரவரைக்கும் என்னையத் தூங்கவுடலீங்க. கண்ணு சொக்குனா ஒரு கத்து கத்தும். சம்பளம் கேக்காத கிளீ..."

சரசு அவர் இடுப்பில் முழங்கையால் ஒரு குத்து விட்டார். செல்வம் நிறுத்திக்கொண்டார்.

"இப்ப எங்க ஊட்டுல இல்லீங்க" என்று சரசு ஆரம்பித்தார். "தம்மம்பட்டில என் தங்கச்சி ஊட்டுல இருக்குது. வயல்லதான் மேயுதுங்க. வாய்க்கால்ல நீந்தும். நத்தை, புழு, சிந்துன நெல்லு, இதுதாங்க தீனி. வேற ஒன்னும் போடறதில்லீங்க. எப்படியோ காலு போயிருச்சு."

மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல் மூச்சு விடாமல் சொன்னார். நான் குனிந்து வாத்தைப் பார்த்தேன்.

பெட்டைக் குஞ்சு. இறகு இன்னும் முழுதாக முளைக்கவில்லை. கண் தெளிவாக இருந்தது. எடுத்துத் தரையில் விட்டதும் எழ முயன்றது. கால் நிற்கவில்லை. இரண்டு கால்களிலும் நடு மூட்டு வீங்கி, கால்கள் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. மூட்டின்மேலேயே உட்கார்ந்து, சிறகைத் துடுப்புபோல் ஊன்றித் தள்ளித் தள்ளி செல்வத்தின் செருப்பு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்ததும் ஒரு கத்து கத்தியது.

"இப்படித்தானுங்க, எங்க போனாலும் பின்னாலயே இழுத்துக்கிட்டு வருது. பாக்க முடியலீங்க" என்றார் அவர்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். சரசு சொன்ன வரலாற்றை நம்பினால் நான் எங்கே போவேன்? வயலில் மேய்ந்து, வாய்க்காலில் நீந்தி, நத்தை தின்னும் வாத்துக்குச் சத்துக் குறைவு வருவது அபூர்வம். அப்படியானால் மீதியிருப்பது தொற்று. இரண்டு மூட்டும் வீங்கியிருக்கிறது, வயல் தண்ணீர், பல ஊர் வாத்துகள் வந்துபோகும் இடம். நானும் அந்தப் பக்கம்தான் போக ஆரம்பித்தேன்.

ஆனால் வாத்தின் உடம்பு வேறு கதை சொன்னது. தினம் நீந்துகிற வாத்தின் வயிற்று இறகு பளபளவென்று இருக்கும், தண்ணீர் ஒட்டாது. இதன் வயிற்று இறகு அழுக்கேறிக் காய்ந்து கிடந்தது. சேற்றில் நடக்கிற வாத்தின் பாதம் மெத்தென்று இருக்கும். இதன் பாதம் சிமெண்டுத் தரையில் உரசிக் காய்த்திருந்தது. வாயைத் திறந்து பார்ப்பதற்காக முகத்தருகே தூக்கினேன். கருவாட்டுத்தூளும் மக்காச்சோளமும் கலந்த ஒரு மணம். அம்மா வேலை முடிந்து வந்து என்னைத் தூக்கும்போது அவர் சேலையில் வருகிற அதே மணம். லேயர் தீவனம். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அதைக் கற்றுத் தரவில்லை.

"லேயர் தீவனம் போட்டீங்களா?" என்று நேராகக் கேட்டேன்.

"இல்லவே இல்லீங்க" என்றார் சரசு. முந்தானை இன்னும் மேலே ஏறியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த முகத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். புதுச்சத்திரம் பக்கம் ஒரு பண்ணையில் நான் எடுத்த வகுப்பில். இவர் அங்கே முட்டை பொறுக்குகிறவர். வீட்டில் பறவை வளர்க்கக் கூடாது என்று இவரிடம் சொன்னதே நான்தான். இப்போது என்னிடமே வாத்தைக் கொண்டுவந்து நிற்கிறார். அவருக்கு வேறு மருத்துவர் யாரும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு மருத்துவர் செய்யக்கூடிய சுலபமான காரியம், "எனக்கு எல்லாம் தெரியும், ஏன் பொய் சொல்றீங்க" என்று பிடிப்பது. பிடித்திருந்தால் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பார். வாத்து அவர் வீட்டிலேயே கிடந்திருக்கும். அவர் மறுநாள் பண்ணைக்குப் போயிருப்பார். அது என்ன நோய் என்று யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். பொய் சொல்கிறவர்களுக்கு உண்மை எவ்வளவு செலவு வைக்கும் என்பதை முதலில் பாருங்கள். அந்தச் செலவைக் கொஞ்சமாவது குறைக்காமல் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டால் இன்னும் நல்ல பொய்தான் கிடைக்கும்.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"எங்கம்மாவும் லேயர் பண்ணையில முட்டை பொறுக்கினவங்கதாங்க" என்றேன். "வேலைக்கு ஒன்னும் ஆகாதுன்னு நான் இப்ப வாக்குக் குடுக்க முடியாது. ஆனா ஒன்னு சொல்றேன். உங்களை விட்டுட்டு, உங்களுக்குத் தெரியாம, பண்ணையில யார்கிட்டயும் நான் பேசமாட்டேன். போனா சேர்ந்து போவோம். இப்பச் சொல்லுங்க. இது எங்க இருக்குது, என்ன திங்குது?"

சரசு செல்வத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முந்தானையை இறக்கினார்.

"உங்க கிளாசுல மொத வரிசையில உக்காந்து தலையாட்டுனவ நானுங்க" என்றார். "ஊட்டுலதான் இருக்குது. பின்னால சிமெண்டு போட்ட சந்துல. பண்ணையில சிந்துன தீவனத்தைக் கூட்டி அள்ளுவோமுங்க, அதுல கொஞ்சம் கொண்டாந்து போட்டேன். அத்தனை கோழிக்கும் முட்டை புடிக்க வெக்கற தீவனம், இந்த ஒரு குஞ்சுக்கு ஆகாதாங்க? நல்லதுன்னுதானுங்க போட்டேன்."

"இவளைத் திட்டாதீங்க டாக்டரம்மா" என்றார் செல்வம். "கொண்டாந்தவன் நானு. பண்ணைக்குள்ள மட்டும் ஒருநாளும் கொண்டுபோனதில்லீங்க."

இந்தத் தவறை நம் ஊர்க்காரர்கள் மட்டும்தான் செய்வார்கள். வேறு ஊரில் வாத்துக்கு நெல்லும் தவிடும் போடுவார்கள். நம் ஊரில் இறகுள்ள எதற்கும் லேயர் தீவனம்தான் அமிர்தம். அது முட்டையிடும் கோழியின் உடம்புக்காகச் செய்தது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வளர்கிற குஞ்சுக்கு மிக அதிகம். வாத்துக் குஞ்சின் காலுக்குத் தேவையான நியாசின் என்ற வைட்டமின், கோழிக்குஞ்சுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக வேண்டும். கோழித் தீவனத்தில் அந்த அளவு இராது. உடம்பு வேகமாகக் கனக்கும், கால் பின்தங்கும். இவர்கள் பாசத்தில் போட்ட ஒவ்வொரு பிடியும் அந்தக் காலை வளைத்திருக்கிறது. அதை நான் அவர்களிடம் அந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. "தீவனத்தை மாத்தினா கால் தேற வாய்ப்பிருக்கு" என்று மட்டும் சொன்னேன். இரண்டும் உண்மைதான். மருத்துவத்துக்கு இரண்டாவது போதும்.

ஆனால் என் முன்னால் இப்போது மூன்று விஷயங்கள் இருந்தன. இந்த வாத்தின் கால். சரசுவின் வேலை. அந்தப் பண்ணையின் கோழிகள். தீவனக் கோளாறு என்று எனக்கு ஏறக்குறைய உறுதி. ஏறக்குறைய என்பதை வைத்துக்கொண்டு ஒரு பண்ணையைப் பணயம் வைக்க முடியாது.

அப்போது எனக்கு மேலிருந்த மூத்த மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"தொற்றா, தீவனமா?"

"தீவனம் சார்."

"நிச்சயமா?"

"இல்ல சார்."

"அறுத்துப் பாத்தா சாயங்காலத்துக்குள்ள பாதி தெரிஞ்சிரும். அந்தம்மாவும் நாளைக்கே வேலைக்குப் போகலாம்" என்றார். கொடூரமாகச் சொல்லவில்லை. நம் தொழில் அப்படித்தான் பதில் கண்டுபிடிக்கிறது. பண்ணையின் பக்கம் நின்று பார்த்தால் அதுதான் வேகமான வழி.

செல்வம் வாத்தைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

"ரத்தமும் சளியும் எடுத்து அனுப்பறேன் சார்" என்றேன். "முடிவு வர்றவரைக்கும் தொற்று இருக்குன்னே வெச்சு நடந்துக்கறேன். வாத்து நம்ம தனி அறையில இருக்கட்டும். இவங்க பண்ணைக்குப் போக வேண்டாம். லாரியும் கழுவாம எந்த கேட்டுக்குள்ளயும் போகக் கூடாது. வைத்தியம் மட்டும் தீவனக் கோளாறுன்னு வெச்சு இன்னிக்கே ஆரம்பிக்கறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பண்ணைக்கு யார் சொல்றது?"

"நானும் இந்தம்மாவும் சேர்ந்து சார்."

"திட்டு வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே நோயாளிக்கு இரண்டு எண்ணத்தை ஒரே சமயத்தில் கையில் வைத்திருக்கப் பழகுங்கள். நான் நம்பியதற்காக மருந்து கொடுத்தேன். நான் தவறாக இருக்கலாம் என்பதற்காகக் கதவைப் பூட்டினேன். இதில் ஒன்றுக்காக இன்னொன்றை விட்டிருந்தால் இந்தக் கதையை நான் எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

பண்ணை மேனேஜரை கேட்டுக்கு வெளியே வரச் சொன்னோம். சரசு உள்ளே காலெடுத்து வைக்கவில்லை, தூரமாக வேப்பமரத்தடியில் நின்றார். மேனேஜர் விஷயத்தைக் கேட்டதும் முதலில் சரசுவைப் பார்த்துச் சத்தம் போட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஏனுங்க டாக்டர், உள்ள லட்சம் கோழி நிக்குது. நீங்க ஒரு நொண்டி வாத்துக்கு வக்காலத்து வாங்கிட்டு வாரீங்களா?"

"வாத்துக்கு இல்லீங்க. உங்க கோழிக்குத்தான் பேச வந்திருக்கேன்."

"அப்ப இவளைக் கணக்கு முடிச்சு அனுப்பிடறேன். நாலு பேருக்குப் பயம் வந்தாத்தான் சட்டம் நிக்கும்."

"பயம் ஏற்கெனவே இருக்குதுங்க" என்றேன். "பயந்துதான் ஒளிச்சு வெச்சாங்க. இன்னிக்கு அவங்களாவே வந்து சொல்லியிருக்காங்க. சொன்னதுக்கு வேலையை விட்டு எடுத்தீங்கன்னா, உங்க பண்ணையில வேலை செய்யற எல்லாரும் ஒரே பாடந்தான் படிப்பாங்க. அடுத்தவங்க ஊட்டுல ஒரு கோழி செத்தா ராத்திரியே குழி தோண்டிப் புதைச்சுட்டு, காத்தால முட்டை பொறுக்க வந்துருவாங்க. அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அவர் கேட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்ற ஷெட்டுகளைப் பார்த்தார். பயம் அவருக்கும் இருந்தது. அவர் வேலையும் அந்தக் கோழிகளோடுதான் கட்டப்பட்டிருந்தது. இதை மறந்துவிட்டு அவரை வில்லனாக்கினால் அவரிடம் ஒன்றும் நடக்காது.

"முடிவு வர்றவரைக்கும் இவ இந்தப் பக்கமே வரக் கூடாது" என்றார் கடைசியில். "நல்லபடியா வந்துச்சுன்னா வரட்டும். ஆனா அந்த வாத்து இனிமே அந்த ஊட்டுல இருக்கக் கூடாது. அதுல பேச்சே இல்லீங்க."

"அதுல எனக்கும் பேச்சில்லீங்க" என்றேன்.

திரும்பி வரும்போது சரசு, "இந்தச் சாமிக்கு வேற எடம் எங்கீங்க இருக்குது?" என்றார், பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல.

தனி அறையில் வைக்கோல் பரப்பி, ஒரு நீல டிரம்மைப் பாதியாக அறுத்துத் தண்ணீர் நிரப்பினோம். தீவனத்தை மாற்றினோம், நியாசினுக்காக ஈஸ்ட் கலந்தோம். மருந்தின் அளவெல்லாம் உங்களுக்குப் புத்தகத்திலேயே கிடைக்கும். நான் சொல்ல வருவது தண்ணீரைப் பற்றி. தரையில் அந்த வாத்துக்குத் தன் உடம்பே எதிரி. முதல் தடவை கையால் தாங்கித் தண்ணீரில் விட்டபோது அது பயந்து என் கையைக் கொத்தியது. பாலக்காட்டை விட்டு வந்தபிறகு அது தண்ணீரில் இறங்கவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுத்தேன். உடம்பு மிதந்தது. கீழே, அந்த வளைந்த இரண்டு கால்களும், யாரோ சொல்லிக் கொடுத்ததுபோல் மாறி மாறி உதைக்க ஆரம்பித்தன.

செல்வத்தை உள்ளே விடவில்லை. ஒவ்வொரு நடையும் முடிந்து வரும்போது சன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். வாத்து அரை டிரம்முக்குள் சுற்றிச் சுற்றி வரும். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, லாரியைப் பின்னால் எடுக்கும்போது சொல்வதுபோல, "வா, வா, வா, லெப்டுல ஒடி, வரலாம், ரைட்" என்று சொல்வார். நம் ஆய்வகத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஒருநாள் காலையில் நான் போனபோது வாத்து வைக்கோலின்மேல் நின்றுகொண்டிருந்தது. சாய்ந்துதான் நின்றது. என்னைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டது. ஆனால் நின்றது.

அந்த வாரமே பரிசோதனை முடிவும் வந்தது. தொற்று எதுவும் இல்லை. சரசுவை வேலைக்கு வரச் சொல்லி மேனேஜரே போன் செய்தார்.

செல்வமும் சரசுவும் சந்தோஷமாகத்தான் வந்தார்கள். வாத்தை என்ன செய்வது என்ற பேச்சு வந்ததும் இரண்டு பேர் முகமும் வாடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் பண்ணை வேலைக்காரர்கள். கேட்டவர்கள் எல்லோரும் மசாலா அரைப்பதைப் பற்றித்தான் பேசினார்களாம்.

"அறுத்துத் திங்கறவங்ககிட்ட குடுக்கறதுக்கா இத்தனை பாடு பட்டோம்?" என்றார் செல்வம்.

நான் என் மேசையில் உட்கார்ந்து, இந்த வாத்துக்கு இனி என்ன தேவை என்று மனதுக்குள் யோசித்தேன். மெத்தென்ற தரை. நீந்த ஓடுகிற தண்ணீர். பல வகைத் தீனி. நத்தை, புழு, நெல். இந்த வரிசையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று நினைவுக்கு வந்ததும் நிமிர்ந்து சரசுவைப் பார்த்தேன்.

"தம்மம்பட்டி தங்கச்சின்னு சொன்னீங்களே, அது நெசமா?"

சரசு வெட்கப்பட்டார். "தங்கச்சி நெசந்தானுங்க. வயலும் நெசம். வாய்க்காலும் நெசம். வாத்து மட்டுந்தான் அங்க இல்ல."

"அப்புறம் என்ன? நீங்க அன்னிக்குச் சொன்னதுதாங்க வைத்தியம். வாத்தை அங்க கொண்டுபோய் விட்டுட்டா நீங்க சொன்னது பொய்யும் இல்ல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சரசுவின் தங்கை கணவருக்கும் செல்வத்துக்கும் சில வருடங்களாகப் பேச்சில்லை. அவர்கள் வீட்டுக் கெடாவெட்டுக்குச் செல்வத்தை நேரில் வந்து கூப்பிடவில்லை, போனில் கூப்பிட்டுவிட்டார்கள்.

"சகலைன்னு ஒரு மட்டு மருவாதி வேண்டாங்களா?" என்றார் செல்வம். "நேர்ல வந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போகுது? அவன் ஊட்டு வாசப்படியை நான் மிதிக்கமாட்டேன்."

"நீங்க மிதிக்க வேண்டாங்க" என்றேன். "வாத்தாலயும் இப்போதைக்கு மிதிக்க முடியாது. தூக்கிட்டு நேரா வயலுக்குப் போயிருங்க."

சரசு சிரித்துவிட்டார். செல்வம் சிரிக்கவில்லை. வாத்தைப் பார்த்தார். அது அவர் செருப்பின்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

மனிதர்களின் கோபதாபம் நம் பாடத்திட்டத்தில் இல்லை என்று நினைக்காதீர்கள். விலங்கை வீட்டுக்கு அனுப்பும்போது எந்த வீட்டுக்கு, அந்த வீட்டில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

தம்மம்பட்டியில் நடந்ததைச் சரசு பிறகு சொன்னார். செல்வம் சொன்னபடியே வீட்டுப் பக்கம் போகாமல் வயல் வரப்பில் போய் நின்றிருக்கிறார், கையில் வாத்தோடு. சகலை மண்வெட்டியோடு வந்து பார்த்துவிட்டு, இத்தனை வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை, "அறுக்கவா?" என்பது. செல்வத்துக்கு வந்த கோபத்தில், அது என்ன தின்ன வேண்டும், என்ன தின்னக் கூடாது, எவ்வளவு நேரம் தண்ணீரில் விட வேண்டும், ராத்திரி எதன்மேல் படுக்கவைக்க வேண்டும் என்று நிறுத்தாமல் பேசியிருக்கிறார். சகலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னாராம்.

"பேசிட்டீங்களாமே?" என்று செல்வத்திடம் கேட்டேன்.

"வாத்தைப் பத்தித்தானுங்க பேசுனேன். அவன்கூட நான் எங்க பேசுனேன்?" என்றார்.

அறுவடை முடிந்த சமயம் அந்தப் பக்கம் ஒரு பண்ணையைப் பார்க்கப் போயிருந்தேன். முட்டை இறக்கிவிட்டுக் காலி லாரியோடு செல்வமும் வருவதாகச் சொல்லியிருந்தார். லாரியைக் கழுவிவிட்டுத்தான் வருகிறேன் என்று நான் கேட்காமலே சொன்னார். சாலை ஓரமாக வயல், அதை ஒட்டி வாய்க்கால், தூரத்தில் கொல்லிமலை. சகலை எங்களுக்கு இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஆரன் சத்தம் கேட்டா போதும், எந்த மூலையில இருந்தாலும் வந்துரும். நீங்களே பாருங்க" என்றார் அவர்.

லாரி வந்து நின்றது. செல்வம் ஒரு தடவை ஆரன் அடித்தார். வாய்க்காலில் இருந்து வாத்து ஏறி வந்தது. நல்ல வளர்ச்சி. இறகில் வெயில் வழுக்கியது. ஒரு கால் நிமிர்ந்துவிட்டது. இன்னொன்று முழுதாக நிமிரவில்லை, இனி நிமிராது. இன்னும் சீக்கிரம் வைத்தியத்துக்கு வந்திருந்தால் நிமிர்ந்திருக்கும். ஆனால் சிறகை ஊன்றவில்லை. ஒரு பக்கமாக ஆடி ஆடி, வரப்பு முழுக்கத் தன் காலிலேயே நடந்து வந்தது.

"வா, வா, வா, ரைட்" என்று செல்வம் கீழே குதித்தார். அது அவர் லுங்கி ஓரத்தை இரண்டு இழுப்பு இழுத்தது. செருப்பைக் கொத்திப் பார்த்தது. பழக்கதோஷத்தில் அவர் கிளீனர் உட்காரும் இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டார். திறந்த கதவைப் பார்த்து அது ஒரு கத்து கத்தியது. பிறகு திரும்பி, வந்த வழியே வாய்க்காலுக்கு நடந்தது.

செல்வம் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"கிளீனர் வேலையை உட்டுருச்சுங்க டாக்டரம்மா" என்றார்.

"நல்ல எடத்துல வேலை கெடைச்சிருச்சு சகல" என்றார் தங்கை கணவர், இளநீரை நீட்டிக்கொண்டே. "வந்து உக்காருங்க. அடுத்த மாசம் கெடா வெட்டறோம். நேர்ல சொல்லிட்டேன், பாத்துக்கங்க."

செல்வம் இளநீரை வாங்கிக்கொண்டார். வாத்து கரையில் ஒரு நொடி சாய்ந்து நின்று, தண்ணீரில் இறங்கியது. தெளிந்த தண்ணீர். நான் குனிந்து பார்த்தேன். உள்ளே எது நிமிர்ந்த கால், எது வளைந்த கால் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.